வீட்டுக்காரர் வராமல் நான் மட்டும் கவுன்சலிங் போனால் பலன் இருக்குமா?

சித்தூர் மருமகள்:
பிறந்த வீடு குடியாத்தம், வாழ்க்கைப்பட்டது சித்தூர், 11 வருஷம் ஆகிறது. அவர் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். சீசன் முடிந்து கை சும்மா இருக்கும் மாதங்களில்தான் குடி தலைக்கு மேல் போகும். இரண்டு தடவை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம், திரும்பி வந்து மூன்று மாதம் தாண்டவில்லை. இப்போது ஒரு டாக்டர், அவரை மட்டும் பார்த்துப் பயனில்லை, இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்கிறார். குடிப்பது அவர், நான் எதற்கு உட்கார வேண்டும்? உன் வாயால்தான் என் பிள்ளை குடிக்கிறான் என்று மாமியார் தெலுங்கில் சொல்வதையே டாக்டர் தமிழில் சொன்ன மாதிரி இருந்தது. அவரோ வரவே மாட்டேன் என்கிறார். யாராவது போயிருக்கிறீர்களா?

காட்பாடி அக்கா:
தங்கச்சி, எனக்கும் அதே கோபம் வந்தது. ஆனால் உட்கார்ந்த பிறகு, குற்றம் யாருடையது என்ற பேச்சே அங்கே எடுக்கவில்லை. எங்களுக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. காலையில் காபி குடித்ததும் அவர் என் முன்னால் நின்று "இன்றைக்குக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லி டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட வேண்டும், நான் "சரி, சந்தோஷம்" என்று சொல்லி காலண்டரில் ஒரு கோடு போட வேண்டும், அதற்கப்புறம் அன்று முழுக்க இரண்டு பேரும் பழைய சண்டையை வாயில் எடுக்கக் கூடாது. முதல் வாரம் எனக்கு நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது. நாலு மாதம், 14 தடவை போனோம். நடுவில் ஒரு தடவை சறுக்கினார், கோடு போடாத அந்த ஒரு கட்டம் இன்னும் சுவரில் இருக்கிறது.
ஒன்று மட்டும் கேள். அந்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கச் சொல்லி யாராவது வருவார்கள். கலக்காதே. அந்த மாத்திரை உடம்பில் இருப்பது தெரியாமல் சாராயம் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

பரதராமி தம்பி:
நான் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன், அக்கா. குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் 1957-இல் தொடங்கியது, அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்குவார்.
உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். 1999-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வைத்தியத்துக்கே வரமாட்டேன் என்ற குடிகாரர்களின் வீட்டார் 130 பேருக்கு மூன்று விதமாகப் பயிற்சி கொடுத்தார்கள். குடும்பமாகக் கூடி நேருக்கு நேர் கேட்பது என்ற முறையில் 30 சதவீதம் குடிகாரர்கள் வைத்தியத்துக்கு வந்தார்கள், உன்னை மட்டும் பார்த்துக்கொள் என்ற முறையில் 13 சதவீதம். தெளிவாக இருக்கும் நேரத்தில் அன்பாகப் பேசி, குடித்த நேரத்தில் விலகி நின்று, லீவு சொல்லிக் காப்பாற்றாமல், சமயம் பார்த்து வைத்தியத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக்கொடுத்த முறையில் 64 சதவீதம். மூன்றிலும் பயிற்சிக்கு வந்தது வீட்டார் மட்டும்தான். அதனால் தனியாகப் போவது வீண் இல்லை.
மனச்சோர்வுக்கும், அதில் கணவன் மனைவி உறவுக்குப் பங்கு இருந்தால், இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதலே ஜோடியாக உட்காருவதைப் பரிந்துரைக்கிறது.
ஆனால் அவர் கை நீட்டுகிறவரா? அப்படியென்றால் ஒரே அறையில் உட்கார்ந்து மனதில் இருப்பதைச் சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போனதும் அதற்கும் அடி விழும். பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள்.

பலமநேர் வாசகர்:
எங்களுக்குச் சேரவில்லை. எட்டுத் தடவை போய்ப் பிரிந்துவிட்டோம். இருந்தாலும் பிள்ளைகள் யாரிடம், எந்த நாளில் என்பதைக் கோர்ட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து பேச முடிந்தது, அதற்காகவே போனது நல்லது என்று நினைக்கிறேன்.

சித்தூர் மருமகள்:
அடித்ததில்லை தம்பி. கத்துவார், அப்புறம் அழுவார். அவருக்காக லீவு சொன்னது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தேன், இந்த வருஷம் மட்டும் 9. வியாழக்கிழமை நான் மட்டும் போகிறேன். மாமியாருக்குத் தமிழ் புரியும், பேச வராது. அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

பரதராமி தம்பி:
தாராளமாக. வேலூருக்கு உங்கள் பக்கத்திலிருந்து தினமும் ஆள் வருகிறது, தெலுங்கு பேசுகிறவர் இருப்பார். முதல் தடவை மட்டும் தனியாகப் போய், மாமியார் சொல்லும் அந்த வாய் விஷயத்தை நீங்களே முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.