மறு: 'ரெட்லிஸ்ட்' – செம்பட்டியலா, விடுபட்டோர் பட்டியலா?

வணக்கம். விக்கிப்பீடியாவில் இன்னும் கட்டுரை இல்லாத பெண்களின் பட்டியலை ஆங்கிலத்தில் 'ரெட்லிஸ்ட்' என்கிறார்கள். அதைத் தமிழில் 'விடுபட்டோர் பட்டியல்' எனலாம் என்ற என் முன்மொழிவுக்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'செம்பட்டியல்' சுருக்கமாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

சுருக்கம்தான், ஐயா. ஆனால் உயிரினங்களின் அழிநிலையைக் காட்டும் பட்டியலைச் செம்பட்டியல் என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். போதாததற்கு, 'செம்' என்றால் சிவப்பு மட்டுமல்ல, செம்மையும்தான். செம்மொழி, செந்தமிழ் என்று பழகிய காதில், தேர்ந்தெடுத்த சிறந்தவர்களின் பட்டியல் என்றுதான் விழும். பொருளே தலைகீழாகிவிடும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2015-இல் தொடங்கிய 'விமன் இன் ரெட்' தன்னார்வலர்கள் பயன்படுத்தும் பட்டியல்தான் 'ரெட்லிஸ்ட்'. விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் பதிவு இருந்தும் அங்கே கட்டுரை இல்லாத பெண்களைத் தொழில்வாரியாகவும் நாடுவாரியாகவும் தானியங்கி நிரல் ஒன்று திரட்டித் தரும். யாராவது கட்டுரை எழுதிவிட்டால், அடுத்த இற்றைப்படுத்தலில் பெயர் நீங்கிவிடும். வாக்காளர் பட்டியலில் 'பெயர் விடுபட்டோர் விண்ணப்பிக்கலாம்' என்று அறிவிப்பார்களே, அதே நிலைமைதான். இருக்கவேண்டிய பெயர், இல்லை, சேர்க்கலாம்: மூன்றும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகின்றன.

> 'விடுபட்டோர்' என்றால் ஏதோ கைத்தவறுதலாக நடந்ததுபோல இருக்கிறது.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் கைத்தவறி விடுபட்டவர் அல்லர். 2018-இல் அவரைப் பற்றி விக்கிப்பீடியாவுக்கு ஒரு வரைவு வந்தது. குறிப்பிடத்தக்கமைக்கு, அதாவது தனிக் கட்டுரை பெறும் தகுதிக்கு, சான்று போதாது என்று மே மாதம் திருப்பிவிட்டார்கள். அக்டோபர் 2-ஆம் தேதி இயற்பியல் நோபல் அறிவித்த நேரத்திலும் அவருக்குக் கட்டுரை இல்லை. உடன் பரிசு பெற்ற ஜெரார் மூரூவுக்கு இருந்தது. இத்தனைக்கும், இருவரும் சேர்ந்து உருவாக்கிய லேசர் முறைக்குத்தான் அந்தப் பரிசு! இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

ஆனாலும் 'விடப்பட்டோர்', 'மறைக்கப்பட்டோர்' என்று போனால், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் யாரோ தடுத்ததாக ஆகிவிடும். பட்டியலில் பலரைப் பற்றி இதுவரை யாரும் எழுத உட்காரவே இல்லை, அவ்வளவுதான். திருப்பியனுப்பிய வரைவு இருந்தால், பெயருக்குப் பக்கத்திலேயே 'ஏற்கப்படாத வரைவு' என்று குறித்துவிடுவோம். சான்று தேடுகிறவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கான இணைப்பைக் குறிக்கும் 'சிவப்பு இணைப்பு' என்ற சொல் அப்படியே இருக்கட்டும். பக்கத் தலைப்பை 'விடுபட்ட பெண்கள்: வேதியியலாளர்' என்று தொழில் பின்னால் வரும்படி வைத்தால், அகரவரிசையில் எல்லாம் ஓரிடத்தில் சேரும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.