மறு: கோள்கள் அருகருகே நிற்பதற்கு என்ன சொல்?

> நம் வானியல் கலைச்சொல் பட்டியலில் 'கோள் சேர்க்கை' என்றே வைத்துவிடலாமே ஐயா. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல், அம்மா. ஜோதிடத்தில் இரண்டு கிரகம் ஒரே ராசியில் இருந்தாலே சேர்க்கை. ராசி என்பது 30 டிகிரி. ஒன்று மதுரைக்கு மேற்கே நாகமலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்க, இன்னொன்று அதற்கு மேலே, கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு முஷ்டி உயரத்தில் (சுமார் 20 டிகிரி) நின்றாலும் சேர்க்கைதான். தொலைநோக்கியோடு மொட்டைமாடி ஏறுகிறவருக்கு இது உதவாது. ஒரு டிகிரிக்குள் வந்தால் கிரக யுத்தம் என்பார்கள். சொல் கம்பீரம்தான், ஆனால் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னால் யார் ஜெயித்தது என்று கேட்பார்கள்.

தவிர, இங்கே இருப்பது இரண்டு விஷயம். இரு கோள்களும் வானத்தில் ஒரே தீர்க்கரேகைக்கு (சூரியன் போகும் பாதை நெடுக அளக்கும் டிகிரிக்கு) வருவது கணக்கு. கண்ணுக்கு மிகக் கிட்டத்தில் தெரிவது காட்சி. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதில்லை. அமாவாசையையே பாருங்கள். சூரியனும் சந்திரனும் ஒரே தீர்க்கரேகைக்கு வரும் கணத்தில்தான் பஞ்சாங்கத்தில் அந்தத் திதி முடிகிறது. அதற்காக மாதாமாதம் சூரிய கிரகணமா வருகிறது? சந்திரன் 5 டிகிரி வரை மேலேயோ கீழேயோ ஒதுங்கிப் போய்விடுகிறது. ஆகவே கணக்குக்கு 'இணைவு', காட்சிக்கு 'நெருக்கம்' என்பது என் கட்சி.

> நெருக்கத்தைவிட 'அண்மை' அழகாக இல்லையா?

அழகுதான். ஆனால் அண்மைநிலை (சுற்றுப்பாதையில் மிகக் கிட்டே வரும் இடம்), சேய்மைநிலை (மிகத் தள்ளிப் போகும் இடம்) என்று நிஜத் தொலைவுக்கே அதை எழுதி வருகிறோம். 2020 டிசம்பர் 21 மாலை வியாழனும் சனியும் பத்தில் ஒரு டிகிரி இடைவெளியில் நின்றன. வியாழனின் நிலவுகளும் சனியின் வளையமும் தொலைநோக்கியின் ஒரே பார்வைப் புலத்துக்குள் அடங்கின. அன்றைக்கும் அவற்றுக்கு நடுவே சுமார் 73 கோடி கிலோமீட்டர் இருந்தது. அதைப் போய் அண்மை என்பதா? கோள்களின் நெருக்கமும் தோற்றம்தான் என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

அப்புறம், மூன்று நாலு கோள்கள் ஒன்றாகத் தெரிந்தால்? 'கூடல்'. மதுரைக்காரன் ஊர்ப்பெயரைத் திணிக்கிறான் என்பீர்கள், திணிக்கத்தான் செய்கிறேன். பரிபாடலில் வையை வெள்ளத்தைப் பாடும் 11ஆம் பாட்டே கோள்கள் நின்ற நிலையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஓர் அளவும் வைப்போம்: கையை நீட்டிப் பிடித்தால் நடு மூன்று விரல்களின் அகலம் ஏறக்குறைய 5 டிகிரி. அதற்குள் அடங்கினால் கூடல். 2025 ஜனவரியில் வெள்ளியும் சனியும் மேற்கே, வியாழன் உச்சியில், செவ்வாய் கிழக்கே என்று வானம் முழுக்கப் பரவி நின்றதை இதில் சேர்க்க வேண்டாம். அந்த 'அணிவகுப்பு' பத்திரிகைகளிடமே இருக்கட்டும்.

> மூன்றும் சரி ஐயா. புணர்ச்சி விதிப்படி 'கோட்கூடல்' என்று எழுதலாமா?

வேண்டாம் அம்மா. 'கோட்கூடல்' என்றால் பாதிப் பேர் கோட்டையைத் தேடுவார்கள். 'கோள்கூடல்' என்றே பட்டியலில் ஏற்றிவிடுங்கள். இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வந்தால் என் பக்கம் அனுப்புங்கள்.