'தானியங்கு விடுவிப்பு' வேண்டாம், 'காலமுதிர் விடுவிப்பு' என்போம்

அன்பு நண்பர்களே, வணக்கம். மலேசியத் திவால் சட்டம் பற்றி நாம் தமிழில் அச்சிடவிருக்கும் துண்டுப் பிரசுரத்தின் சொற்களைப் பற்றி என் கருத்து இது.

திவால் வழக்கு முடிவதற்கு மலாய் மொழியில் பெலெபாசான், பெம்பத்தாலான் என்று இரண்டு சொல் இருக்க, நாம் இரண்டையும் 'ரத்து' என்றே எழுதி வருகிறோம். கடன் முழுவதும் கட்டியாயிற்று, அல்லது திவால் ஆணையே பிறப்பித்திருக்கக் கூடாது என்று கண்டு நீதிமன்றம் ஆணையை நீக்குவதுதான் பெம்பத்தாலான். 'ரத்து' இதற்கு மட்டும் இருக்கட்டும்.

திவால் நிலையிலிருந்து ஒருவரை விடுவிக்கும் பெலெபாசானுக்கு 'விடுவிப்பு' போதும். ஐயா ஒருவர் சொன்ன 'கடன்விடுப்பு' காதுக்கு இனிமைதான். ஆனால் விடுவிப்புக்குப் பிறகும் வருமான வரி போன்ற அரசாங்கக் கடன் அப்படியே நிற்கும். மோசடியால் வந்த கடனும் போகாது. ஜாமீன் போட்டவரின் பொறுப்பும் தீராது. இல்லாத சலுகையைச் சொல்லே வாக்களிக்கக் கூடாது.

அடுத்தது, மூன்று ஆண்டு கழித்துக் கிடைக்கும் விடுவிப்பைக் குறிக்கும் 'தானியங்கு விடுவிப்பு'. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பட்டர்வொர்த் கோயில் மண்டபத்தில் நடந்த உதவி முகாமுக்கு லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வந்தார். நீதிமன்ற ஆணையைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். "மூணு வருசம் ஆச்சு, தானா விடுபட்டுட்டேன். இனி ஹாட்ஞாய்க்கு லோடு ஏத்தலாம்ல?" என்று கேட்டார். சொத்து, கடன், வருமானம் எல்லாம் எழுதிக் கொடுக்கும் பெஞாத்தா ஹால் எஹ்வால் படிவத்தை அவர் கொடுக்கவே இல்லை. 2017-இல் வந்த திருத்தப்படி மூன்று ஆண்டுக் கணக்கு அதைக் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும், ஆணைத் தேதியிலிருந்து அல்ல. அவருக்குக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. திவால் விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அதிகாரியான இன்சால்வென்சி தலைமை இயக்குநரோ நீதிமன்றமோ அனுமதிக்காமல் அவர் எல்லை தாண்டித் தாய்லாந்தில் உள்ள ஹாட்ஞாய்க்குப் போக முடியாது. படிவம் கொடுத்தால் மட்டும் போதாது. வரவு செலவுக் கணக்கும் காட்டி வர வேண்டும். கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கவும் இடமுண்டு. இதில் எது தானாக நடக்கிறது?

அதனால் 'காலமுதிர் விடுவிப்பு' என்பது என் முன்மொழிவு. இன்சூரன்ஸ் முதிர்வு நம் மக்களுக்குப் பழகியது. சந்தா கட்டாவிட்டால் முதிராது என்பதும் தெரியும். தலைமை இயக்குநர் கொடுப்பதைச் 'சான்றிதழ்வழி விடுவிப்பு' என்றும், நீதிமன்றம் கொடுப்பதை 'ஆணைவழி விடுவிப்பு' என்றும் பிரிக்கலாம்.

பெஞாத்தா ஹால் எஹ்வாலுக்கு 'நிலைவிவரப் படிவம்' சரி வருமா? துண்டுப் பிரசுரத்தில் அதைத்தான் முதல் வரியில் பெரிய எழுத்தில் போட வேண்டும். இதைவிடத் தெளிவான சொல் இருந்தால், அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.