சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் தாமதம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். யாங்கூனில் இருக்கிறேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்ரோல் கார், 1500 சிசி. (ஸ்டியரிங் வலப்பக்கம், 1970-இலிருந்து இங்கே வண்டி ஓடுவதும் வலப்பக்கம். முந்துவதற்குள் உயிர் போகிறது, அது வேறு கதை.)

காலையில் சாவியைத் திருகியதும் பிடித்துக்கொள்கிறது. ஓடி நிறுத்தியவுடன் திருகினாலும் சரிதான். கால்மணி நேரம் நின்றால்தான் வம்பு. ஸ்டார்ட்டர் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, இன்ஜின்தான் வெகுநேரம் கழித்துப் பிடிக்கிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் சீக்கிரம் எழும்புகிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது.

மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். ஸ்டார்ட்டர் இவ்வளவு நன்றாகச் சுற்றும்போது பேட்டரி மேல் பழி போடுவானேன்? எனக்கு இன்ஜெக்டர் (இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) ஒழுகுகிறதோ என்று சந்தேகம். இன்ஜின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் தப்பாகக் காட்டினாலும் இப்படி ஆகலாம். நிறுத்திய பிறகு பெட்ரோல் பிரஷர் இறங்குகிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்கும் கடை தாம்வே பக்கம் இருக்கிறதா, அண்ணன்மாரே?