கழுகா, சேவலா?

குழு: பெரிய வீடு

அத்தை: [படம்]
அத்தை: டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. லாரிக்கு முன்னால் நிற்பது அப்பாதான். மட்கார்டில் ஏதோ வரைந்திருக்கிறது, என் கண்ணாடிக்குத் தெரியவில்லை. யாராவது பாருங்கள்.

பெரியப்பா: கழுகு! இரண்டாம் உலகப் போரில் அப்பா இருந்த படைப்பிரிவு நான்காவது இந்தியன் டிவிஷன் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், யாராவது கேட்டீர்களா? செங்கழுகுதான் அவர்கள் சின்னம். வட ஆப்பிரிக்கா, அப்புறம் இத்தாலியில் மான்டே கசீனோ.

‹பெரியப்பா இந்தக் குழுவின் படத்தை மாற்றினார்›

தம்பி: கழுகு படம் செம, பெரியப்பா.

அத்தை: அண்ணா, அப்பா எப்போதும் மழையையும் சேற்றையும்தான் சொல்வார். மணல் என்று ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நான்: பெரியப்பா, பெரிதாக்கிப் பார்த்தேன். பறவைதான், ஆனால் வால் மேலே வளைந்து நிற்கிறது. தலையில் கொண்டை மாதிரி ஒன்று. சித்தப்பா, நீங்கள்தானே டாங்கி பொம்மை ஒட்டுகிறவர், வந்து சொல்லுங்கள்.

சித்தப்பா: பொம்மை இல்லை, மாடல்.
சித்தப்பா: கொண்டை இருந்தால் சேவல். 23வது இந்தியன் டிவிஷன். மஞ்சள் வட்டத்தில் சிவப்புச் சண்டைச் சேவல். 1942 ஜனவரியில் தொடங்கிய டிவிஷன், 1944இல் இம்பாலில் இருந்தது. ஆப்பிரிக்கப் பக்கமே போகவில்லை.

பெரியப்பா: கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சளும் சிவப்பும் உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

சித்தப்பா: தெரியவில்லை அண்ணா, அதனால்தான் நிறத்தை விட்டுவிட்டு உருவத்தைப் பார்க்கிறேன். அப்போது பலரும் போட்டது ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம். அதற்குச் சிவப்பு கண்ணில் படாது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சள் மங்கும், நீலம் வெளுத்துப் போகும். இந்தப் படத்தில் வானத்தைப் பாருங்கள், வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது.

தம்பி: ஏன் சித்தப்பா, படையின் பெயரையே எழுதிவிட்டால் என்ன?

சித்தப்பா: எழுதினால் எதிரியும் படிப்பானே. சேவலைப் பார்த்தால் நம் ஆளுக்கு உடனே புரியும், படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். 17வது டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை, 5வதுக்கு நெருப்புப் பந்து, 7வதுக்குத் தங்க அம்பு.

தம்பி: பம்பருக்கு மேலே வட்டத்துக்குள் 7 என்று இருக்கிறதே. அப்படியானால் ஏழாவது டிவிஷனா?

சித்தப்பா: எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன், ஒரு மாடலில் அந்த எண்ணைப் படைப்பிரிவு எண் என்று நினைத்து ஒட்டி, பிறகு சுரண்டி எடுத்தேன். அது பாலத்துக்கான எண். மஞ்சள் வட்டத்தில் கறுப்பில் எழுதுவார்கள், வண்டியின் எடை வகுப்பு. பாலத்தின் தலைப்பிலும் ஒரு எண் இருக்கும். வண்டியின் எண் அதைவிடப் பெரிதாக இருந்தால் ஏறக் கூடாது.
சித்தப்பா: இன்னொரு மட்கார்டில் சதுரம் ஏதாவது இருக்கிறதா பார். டிவிஷனுக்குள் என்ன வேலை செய்கிறவர்கள் என்று அது சொல்லும்.

நான்: இருக்கிறது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சரிவாகப் பிரிகிறது. ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி சாம்பல்.

பெரியப்பா: பீரங்கிப் படை. அப்பா பீரங்கி சுட்டவர். அதையாவது விட்டுவையுங்கள்.

சித்தப்பா: அண்ணா, கோபப்படாதீர்கள். பீரங்கிப் படையின் சதுரம் படுக்கையாகப் பிரியும், மேலே சிவப்பு, கீழே நீலம். செய்தி அனுப்பும் சிக்னல்காரர்களுக்கு மேலே வெள்ளை, கீழே நீலம். சரிவாகப் பிரிந்தால் அது சிவப்பும் பச்சையும், ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். அரிசி, பெட்ரோல், குண்டு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்.

நான்: பத்து நிமிடமாகப் பெரியப்பா ‘டைப் செய்கிறார்’ என்றே காட்டுகிறது.

தம்பி: அதற்குள் ஒரு சந்தேகம். என் கேமில் ஹெல்மெட்டில் ஸ்பேடு போட்டிருப்பார்களே, அது நிஜமா?

சித்தப்பா: நிஜம். அமெரிக்காவின் 101வது ஏர்போர்ன், விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் டிவிஷன். ஸ்பேடு 506வது ரெஜிமெண்ட், ஆட்டின் 502, டைமன் 501, கிளாவர் 327வது ரெஜிமெண்ட், இவர்கள் மட்டும் கிளைடர் என்ற இன்ஜின் இல்லாத விமானத்தில் இறங்குவார்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கும், அதைக் கடிகார முள் மாதிரி படிக்க வேண்டும். 3 மணி இடத்தில் இருந்தால் முதல் பட்டாலியன், 6 இரண்டாவது, 9 மூன்றாவது. 12 என்றால் தலைமையகம். 1944 ஜூனில் நார்மண்டியில் ராத்திரி குதித்துத் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். பக்கத்தில் நிற்பவன் யார் ஆள் என்று அவன் தலையைப் பார்த்தே தெரிய வேண்டும்.

பெரியப்பா: ஒரு கேள்வி. லாரியில் எது வரைந்திருந்தால் என்ன? அடுத்தவன் லாரிக்கு முன்னால் நின்றும் படம் எடுத்துக்கொள்ளலாமே?

சித்தப்பா: இதற்குத்தானா பத்து நிமிடம்! ஆனால் சரியான கேள்வி. அமெரிக்கர்களிடம் ஏமாற்றுவதற்கென்றே ஒரு படை இருந்தது, 23வது ஹெட்குவார்ட்டர்ஸ் ஸ்பெஷல் ட்ரூப்ஸ், சுமார் 1,100 பேர். காற்றடைத்த ரப்பர் டாங்கி, ஒலிபெருக்கியில் டாங்கி சத்தம். வேறு டிவிஷனின் எண்களைத் தங்கள் லாரி பம்பரில் எழுதிக்கொண்டு சுற்றி வருவார்கள், அவர்கள் சின்னத்தைத் தோளில் தைத்துக்கொள்வார்கள். வண்டியை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யக் கூடாதுதான். அப்பாவின் தோளில் ஏதாவது தெரிகிறதா?

நான்: தோளில் நிழல் விழுந்திருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை.

அத்தை: இருங்கள். அட்டையில் ஒட்டியிருந்தது, ஒரு ஓரத்தை மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். பின்னால் பென்சிலில் அப்பா கையெழுத்து. ‘பலேல்’ என்று இருக்கிறது. அப்படி ஒரு ஊர் உண்டா?

சித்தப்பா: உண்டு அக்கா! இம்பால் பக்கம்தான், அங்கே ஒரு விமானத் தளம் இருந்தது. அங்கிருந்து ஷெனாம் மலைக்கு ஏறும் சாலையை 1944 மே மாத நடுவில் 20வது டிவிஷனிடமிருந்து 23வது டிவிஷன் ஏற்றுக்கொண்டது. மழைக்காலம் தொடங்கியபோது அங்கேதான் இருந்தார்கள்.

அத்தை: மழை. நான் முதலிலேயே சொன்னேன்.

பெரியப்பா: எனக்கு அப்பாதான் லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் முதுகில் ஓர் அடி விழும். ‘மலையில் விட்டுப் பார், தெரியும்’ என்பார். எந்த மலை என்று நான் கேட்டதே இல்லை.

‹பெரியப்பா இந்தக் குழுவின் படத்தை மாற்றினார்›

தம்பி: பெரியப்பா, இது சேவல்தானே?

பெரியப்பா: ஏன், வால் தெரியவில்லையா உனக்கு?