உப்புப் பூத்த சுவருக்கு என்ன செய்வது?

வணக்கம். திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீடு. பொங்கலுக்குள் உள்பக்கம் முழுவதும் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். எனக்கோ வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் நன்றாகக் காயாமல் வேலையைத் தொடங்க மனம் வரவில்லை.

சிக்கல் கூடத்துச் சுவரில்தான். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்திருக்கிறது. விரல் வைத்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது, பழைய பெயின்ட் அப்பளம் போல உப்பி உதிர்கிறது. மறுபக்கம் குளியலறை. விலை பேச வந்த பெயின்டர், "சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்தால் போதும் சார்" என்கிறார். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே எதைப் பூசினாலும் உப்பு அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பது என் எண்ணம். இப்படிப்பட்ட சுவரைச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்: பூச்சைச் செங்கல் வரை கொத்தியெடுத்து மறுபடி பூசினீர்களா? குளியலறை டைல்ஸ் இடுக்குகளை அடைத்ததே போதுமானதாக இருந்ததா? புதுப் பூச்சு காய நான்கு வாரமாவது விட வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் பொங்கல் கணக்கு உதைக்கிறது.

அடுத்து, கூலி. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் கதவு, ஜன்னல் இடத்தைக் கழிப்பார்களா? பொருளை நாமே வாங்கிக் கொடுப்பது நல்லதா? மற்ற அறைகளில் பிரச்சினை இல்லை. (நிறத்தை அம்மா முடிவு செய்துவிட்டார், அதில் யாருக்கும் பேச்சில்லை.) அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் ஈரச்சுவர் வேலை தெரிந்த மேஸ்திரி இருந்தால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.