புதுப்பிப்பு: 'பஞ்ச்' கேலிச்சித்திரம் அசல்தான், வாங்கியாயிற்று

லண்டன் ஏலத்துக்கு வந்த, 'பஞ்ச்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை வார இதழின் 1919-ஆம் ஆண்டு மைச்சித்திரம் அசலா, அச்சுப் பிரதியா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்த படமும் பின்பக்கப் படமும் கேளுங்கள் என்ற யோசனை. கேட்டதும் ஏல நிறுவனம் அனுப்பியது. தவறிய கோடுகளை மறைத்த வெள்ளைப் பூச்சு மேடாகத் தெரிந்தது. ஓரத்தில் நீலப் பென்சிலில் அளவுக் குறிப்பு (அந்தக் கால அச்சுக் கேமராவில் நீலம் பதியாது). அச்சுப் பிரதியில் இதெல்லாம் இருக்காது. அப்புறம் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் உள்ள பஞ்ச் தொகுப்போடு ஒப்பிட்டேன். அச்சில் வந்தது ஏறக்குறைய பாதி அளவுதான். பெரிதாக வரைந்து சுருக்கி அச்சிடுவது வழக்கம் என்பதால் இதுவும் சரியாகப் பொருந்தியது.

எதிர்பாராதவை இரண்டு. ஏலத்தில் நான் கேட்ட விலைக்கு மேல் ஏலக் கமிஷனும் அதற்கான வாட் வரியுமாகச் சுமார் 30 சதவீதம் ஏறியது. பின்பக்கம் பென்சிலில் இருந்த, படத்துக்கான நகைச்சுவை வரி, அச்சானதைவிட நீளம்; ஆசிரியர் குழு வெட்டியிருக்க வேண்டும். எனக்கு நீளமானதுதான் பிடித்திருக்கிறது.

பஞ்சின் 19-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஜான் டென்னியல் காலத்துப் படம் தேடுபவர்களுக்கு: அன்று மரக்கட்டையிலேயே வரைந்து செதுக்கினார்கள், செதுக்கும்போதே கோடு போய்விடும். கிடைப்பவை பெரும்பாலும் முன்வரைவுகள்.